பொட்டு வைத்த பிராசஸர்

“ம்மா, ரேம் ஏறிப்போச்சு!”

காலை ஏழரை மணிக்கு இப்படி ஒரு கூச்சல். அடுப்பில் கேப்பைக் கூழ் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கரண்டியோடு கூடத்துக்கு ஓடினேன். வலது காலைக் கட்டிலில் நீட்டி உட்கார்ந்திருந்த மகள், கைப்பேசியை என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

“எவ்ளோ ஏறிச்சி?”

“நேத்திக்கி பாத்ததுக்கு இன்னிக்கி எந்நூறு ரூவா சாஸ்தி.”

“ஒரே ராத்திரியிலயா? தக்காளிகூட இப்டி ஏறாதேடி.”

“ஒலகம் பூரா ஏறிக்கினு இருக்குதும்மா. நாம ஜல்தியா வாங்கலன்னா ரேம் ஒன்னுக்கே மொத்த காசும் போயிரும்.”

என் கணவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். திண்டிவனத்தில் ஒரு வேர்க்கடலை மண்டியில் இருபது வருடமாக வேலை செய்கிறவர். “லோடு லோடா மல்லாட்டை பாக்குறேன். ஒருநாளும் இந்த மாதிரி காலங்காத்தால வெல கேட்டுக்கினு ஓடுனதில்ல. வெரல் நீளத்துக்கு ஒரு பலகை, அதுக்கு ஆத்தாளும் பொண்ணும் இன்னா ஆட்டம்!” என்றார்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டியிருந்த தாளை எடுத்தேன். கம்ப்யூட்டருக்கு வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியல். இது ஏழாவது. முதல் ஆறும் அடித்தும் திருத்தியும் கிழிந்தும் போய்விட்டன. ரேம் என்ற இடத்தில் இருந்த தொகையை அடித்துவிட்டு, புதுத் தொகையை எழுதினேன். எழுதும்போது எனக்கும் நெஞ்சு படபடத்தது. பயத்தால் அல்ல என்பதை நான் கவனித்தேன். நான்கு மாதமாக என் நெஞ்சு படபடத்ததெல்லாம் பயத்தால் மட்டும்தான்.

நான் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் டீச்சர். மகளுக்குப் பத்தொன்பது வயது. விழுப்புரத்தில் கல்லூரி, இரண்டாம் ஆண்டு. தினமும் பேருந்தில்தான் போவாள். மழைக்காலத்தில் ஒருநாள் காலை, தேர்வுக்கு நேரமாகிவிட்டது, பேருந்து போய்விட்டது. வீட்டில் புதிதாக வாங்கிய ஸ்கூட்டர் நின்றது. “வண்டிய எடுத்துக்கினு போயேன், இன்னா தயக்கம்?” என்று சாவியைக் கையில் கொடுத்தது நான். கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு மினி லாரி அவளை உரசிவிட்டுப் போனது. ஒரு தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அப்போது ஏழாம் வகுப்புக்கு ஒளி விலகல் நடத்திக்கொண்டிருந்தேன்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். நல்ல டாக்டர்கள், எலும்பு சொன்னபடி கூடியது. வீட்டுக்கு வந்து வாக்கரோடு நடந்தாள், பிறகு ஒரு கைத்தடியோடு. ஆனால் வாசற்படியோடு சரி. தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வரமாட்டேன் என்றாள். டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கார் பிடித்து, பின்சீட்டில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தபடியே வந்தாள். பொங்கல் முடிந்ததும், “நான் காலேஜுக்குப் போவலம்மா. வூட்லேர்ந்தே கரெஸ்ல படிச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். அந்தச் சாலையில் இனி அவள் போகமாட்டாள் என்பதுதான் அதற்குப் பொருள்.

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் முகையூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். பேருந்துக்குக் காசில்லாத நாளில் ஏழு கிலோமீட்டர் நடந்து போய்ப் படித்தவள் நான். கல்லூரியை விட்டுவிடு என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை; கல்லூரிக்கு மருத்துவ விடுப்புக் கடிதம் மட்டும் கொடுத்துவைத்திருந்தேன். அவள் வீட்டிலேயே கண்ணெதிரே இருக்கிறாள் என்ற நினைப்பு எனக்கு இதமாக இருந்தது. அதை இங்கே எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஆசை ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்கியிருக்கிறது. யாரோடும் பேசாமல் எந்நேரமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, பாட்டு, படம் ஏதோ பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே எப்படிப் பூட்டுவது என்று காட்டும் வீடியோக்களைத்தான் பார்த்திருக்கிறாள். நூற்றுக்கணக்கில். ஒருநாள் மருந்து கொடுக்கும்போது, “ஒனக்கு இன்னா வேணும் பாப்பா, எது கேட்டாலும் வாங்கித் தர்றேன்” என்றேன். கொஞ்ச நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்துவிட்டு, “கேமிங் பிசி” என்றாள்.

நான் உடனே சரி என்றேன். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில் அவளுக்கே சந்தேகம். அது வந்துவிட்டால் இவள் வீட்டிலேயே சந்தோஷமாக இருப்பாள் என்று என் மனம் கணக்குப் போட்டது அவளுக்குத் தெரியாது.

நாற்பதாயிரம்தான் முடியும் என்றேன். என் சீட்டைத் தள்ளி எடுத்தால் வருவது அவ்வளவுதான். அவளுடைய முதல் பட்டியல் எழுபத்தெட்டாயிரத்தில் நின்றது. அங்கிருந்துதான் எங்கள் வீட்டில் பேச்சு திரும்ப வந்தது.

இரண்டு மாதம் “ம்”, “வேணா”, “வலிக்கல” என்ற மூன்று சொற்களோடு இருந்தவள், இப்போது என்னை நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள். வீட்டுப்பாட நோட்டைத் திருத்தவிடவில்லை. சமைக்கவிடவில்லை.

“கேமுக்கு முக்கியம் கிராபிக்ஸ் கார்டுதாம்மா. ஆனா நம்ம காசுல கார்டு வாங்குனா மத்தது எதுவும் வாங்க முடியாது.”

“அப்ப செகண்ட் ஹேண்ட்ல பாக்கலாமா?”

“பழைய கார்டு கெடைக்குது. எவன் எவ்ளோ நாளு போட்டுத் தேய்ச்சானோ தெரியாது. நாலு மாசத்துல படுத்துக்கினா நீதான் அழுவ.”

“அப்ப இன்னாதான்டி பண்றது?”

“கிராபிக்ஸ் உள்ளயே இருக்குற பிராசஸர் ஒன்னு இருக்குது. இப்பத்திக்கி அத வெச்சி சின்ன சின்ன கேம் ஆடலாம். மதர்போர்டுல கார்டுக்கு எடம் இருக்கும். அடுத்த வருஷம் காசு வந்தா சொருவிக்கலாம்.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. நாங்கள் வீடு கட்டியதும் இப்படித்தான். கீழ்த்தளம் மட்டும் போட்டுவிட்டு, மாடிக்கு வேண்டிய கம்பிகளைத் தூணிலிருந்து நீட்டிவிட்டு வைத்திருக்கிறோம். பதினோரு வருடமாக அந்தக் கம்பிகள் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. “மாடிக்கி கம்பி வுட்டு வெக்கிற மாதிரி” என்றேன். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். “அதேதாம்மா! ஆனா இது பதினோரு வருசம் ஆவாது!”

அவள் சிரித்ததைக் கேட்டு, பின்கட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்த என் கணவர் வாயில் நுரையோடு ஓடிவந்து நின்றார். 

அதன் பிறகு நானும் இறங்கிவிட்டேன். பள்ளியில் மதிய இடைவேளையில் மதர்போர்டு விலை பார்ப்பேன். பக்கத்தில் உட்காரும் தமிழ் டீச்சர் எட்டிப் பார்த்து, “மாப்ள பாக்குறீங்களா டீச்சர், இவ்ளோ கவனமா?” என்பார். “ஆமா, நாலு ரேம் ஸ்லாட் இருக்குற மாப்ள வேணுமாம்” என்பேன். எட்டு ஜிபி ரேமாக இரண்டு வாங்குவதா, பதினாறு ஜிபியாக ஒன்று வாங்குவதா என்று ஒரு வாரம் விவாதம். இரண்டு போட்டால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேகமாக ஓடும் என்றாள். “ஒத்தக் கையால கொழாயடியில கொடம் தூக்குறதுக்கும் ரெண்டு கையால தூக்குறதுக்கும் வித்தியாசம் இல்லியா?” அதுவும் புரிந்தது.

எஸ்எம்பிஎஸ் என்கிற, எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்காகப் பெரிய சண்டை. மலிவாக ஒன்று கிடைத்தது. அதை வாங்கிவிட்டு, மிஞ்சும் காசுக்கு வண்ண விளக்கு எரியும் கண்ணாடிக் கேபினட் வாங்கலாம் என்று நான் சொன்னேன். ஆமாம், விளக்கு கேட்டது நான்தான். “நம்ம ஊரு கரண்டுக்கு மட்டமான எஸ்எம்பிஎஸ் போட்டா, ஒருநாள் எல்லாத்தையும் சேத்து எரிச்சிக்கினு போயிரும். வெளக்கு வேணும்னா தீவாளி சீரியல் செட்ட சுத்திக்க” என்றாள். நல்ல எஸ்எம்பிஎஸ், விளக்கில்லாத கறுப்பு இரும்புக் கேபினட் என்று முடிவாயிற்று.

மானிட்டர் பழையது போதும் என்று கோட்டக்குப்பத்தில் ஒருவரைப் பிடித்தோம். அவர் பேசியது ஒரு தெரியாத எண்ணிலிருந்து. விபத்துக்குப் பிறகு தெரியாத எண் திரையில் வந்தால் என் விரல்கள் மரத்துப்போகும். கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். மகள்தான் எட்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல். “தங்கச்சி, மானிட்டர் கேட்டீங்கல்ல? எங்க வூட்டுக்காரரு துபாயிலேர்ந்து கொண்டாந்தது. திரும்பப் போறாரு, அதான் குடுக்குறோம். ஒரு கீறலு கெடையாது, வந்து பாருங்க.” என் கணவர் போய் வாங்கி, அவர்கள் கொடுத்த பழைய கம்பளியில் சுற்றி, பேருந்தில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கூடவே அந்த அம்மா பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

மற்றதையெல்லாம் விழுப்புரத்தில் ஒரு கடையில் வாங்குவது என்று தீர்மானித்தோம். “நீயும் வாயேன், கார் வெச்சிக்கலாம்” என்று ஒப்புக்குக் கேட்டேன். முகம் சுருங்கிப்போனது. “நீ போம்மா, நான் வீடியோ கால்ல இருக்கேன்” என்றாள். நானும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நான் மட்டும் பேருந்தில் போனேன். கூட்டேரிப்பட்டு தாண்டி அந்த இடம் வரும்போது வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன். கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். நான் பட்டியலை நீட்டியதும் மேலிருந்து கீழே படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரு மேடம் போட்ட லிஸ்ட்டு இது?”

“எம் பொண்ணு. ஏன் தம்பி, தப்பா இருக்குதா?”

“தப்பே இல்ல, அதான் கேக்குறேன். இங்க வர்ற பசங்கல்லாம் வெளக்கு எரியுற ஃபேன் ஆறு கேப்பானுங்க, எஸ்எம்பிஎஸ் மட்டும் எதுனா குடுண்ணாம்பானுங்க. அத ஒழுங்கா எழுதிக்கினு வந்த மொத ஆளு இதுதான்.”

கைப்பேசித் திரைக்குள்ளிருந்து மகள், “அண்ணா, ரேம் ரெண்டும் ஒரே செட்டா குடுங்க, தனித்தனியா வேணாம்” என்று கத்தினாள். கடைக்காரர் திடுக்கிட்டு, “சரிம்மா, சரிம்மா” என்றார். எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியாகத் திரையில் காட்டினேன். முன்னால் திருப்பு, பின்னால் திருப்பு, சீல் இருக்கிறதா பார் என்று அவள் ஆட்டிவைத்தாள். மானிட்டருக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் நாற்பதாயிரத்து இருநூறு வந்தது. “இருநூற வுட்டுருங்க தம்பி” என்றேன். “பொண்ணுக்காக வுடுறேன் மேடம், ஒங்களுக்காக இல்ல” என்றார்.

இரண்டு கையிலும் பைகளோடு வீட்டுக்கு வந்தபோது மகள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். கைத்தடியைக் காணவில்லை. உள்ளே எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பெட்டிகளைக் கூடத்து மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்துப் பார்த்தாள். அன்றே பூட்டிவிடலாம் என்றாள். நான்தான், களைத்துப்போயிருக்கிறாய், நாளைக்குக் காலையில் பூட்டலாம் என்று தடுத்தேன். எனக்கு வேறொரு வேலை இருந்தது.

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் கை வைப்போம். மிக்ஸிக்கும் வைத்தோம், கிரைண்டருக்கும் வைத்தோம். என் அம்மா செய்வார், நானும் செய்கிறேன். அறிவியல் டீச்சர்தான், வகுப்பில் சகுனம் பார்க்காதே என்று சொல்கிறவள்தான். ஆனால் அந்த ஸ்கூட்டர் வந்த அன்று பள்ளியில் ஆய்வு இருந்ததால், வெள்ளிக்கிழமை செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே அது நடந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இந்த முறை ஒன்றைக்கூட விடப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஞாயிறு காலை மகள் குளிக்கப் போனதும் ஆரம்பித்தேன். தாம்பாளத் தட்டில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டேன். கேபினட்டுக்கு மூன்று இடத்தில் பொட்டு. மானிட்டருக்குச் சட்டத்தின் மேல் ஒன்று. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒன்று. மதர்போர்டை எடுக்கப் பயமாக இருந்தது, அதன் அட்டைப்பெட்டிக்கு வைத்தேன். பிராசஸர் பெட்டிக்கும் அப்படியே வைத்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் பாடம் கேட்டதில், எல்லாவற்றுக்கும் முக்கியம் இதுதான் என்று மனதில் பதிந்துபோயிருந்தது. முக்கியமானதற்கு நேரடியாக வைக்க வேண்டாமா?

பிளாஸ்டிக் மூடியைத் திறந்து அதை வெளியே எடுத்தேன். பிஸ்கட் அளவு. மேலே பளபளவென்று தகடு, கீழே முழுக்கப் பொன்னிறத்தில் நுண்ணிய ஊசிகள். அழகாக இருந்தது. தாம்பாளத்தில் வைத்து, தகட்டின் நடுவில் சந்தனத்தை வைத்து, மோதிர விரலால் குங்குமத்தை அழுத்தினேன். ஈரச் சந்தனத்தில் விரல் வழுக்கியது. பிராசஸர் தட்டின் விளிம்புவரை சறுக்கிப்போய் முட்டி நின்றது. அதை மறுபடி நடுவுக்கு இழுத்து, இன்னொரு முறை அழுத்தினேன். பிறகு கற்பூரம் காட்டினேன். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நிம்மதியாக இட்லி ஊற்றப் போனேன்.

“ம்மா...”

அந்தக் குரலை ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன். ஓடினேன். ஈரத்தலையோடு மேசை முன்னால் நின்றிருந்தாள். உள்ளங்கையில் பிராசஸர் மல்லாந்து கிடந்தது. ஒரு மூலையில் ஏழெட்டு ஊசிகள், ஆடு மிதித்த கேப்பை நாற்று மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன. இரண்டு ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

“இன்னாம்மா பண்ண நீ?”

“பொட்டு... பொட்டுதான் வெச்சேன்.”

“பிராசஸருக்கா?”

“அதுதான முக்கியம்னு நீதான சொன்ன...”

 நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இது வாரண்டியில் வராது என்பது எனக்கே தெரியும். அந்தப் பாடமும் எடுத்திருக்கிறாள். இன்னொன்று வாங்க வழியில்லை. ஆனால் நான் காசை நினைக்கவில்லை. அவள் மறுபடியும் சீலிங் ஃபேனைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். இந்த முறையும் என் கையால்தான். சாவி கொடுத்த அதே கை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சத்தம் கேட்டு வந்த என் கணவர் எங்களைப் பார்த்து, தட்டைப் பார்த்து, கேபினட்டின் நெற்றியில் இருந்த மூன்று பொட்டையும் பார்த்தார். “கண்ணாலத்துக்கு ரெடியா நிக்கிது போல” என்றார். யாரும் சிரிக்காததால் நகர்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் கைப்பேசியை எடுத்துக் கடைக்காரரை அழைத்தாள்.

“அண்ணா, பின்னு வளைஞ்சிருச்சிண்ணா. எட்டு இருக்கும். ஒடியல.”

“கீழ போட்டுட்டியாம்மா?”

என்னைப் பார்த்தாள். “இல்லண்ணா. பொட்டு வெச்சிட்டாங்க.”

 “எதுக்கு?” என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது. “பூஜைக்கி.” “பிராசஸருக்கா?” “ஆமாண்ணா.” அவர் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. சிரித்து முடித்து, “ஞாயித்துக்கெழம, மதியம் வரைக்கும் கடையில இருப்பேன். போர்டையும் சேத்து எடுத்துக்கினு வரச் சொல்லும்மா. லென்ஸ் இருக்கு, பாக்கலாம். வர்ற வழியில ஆட்டாம கொண்டாரணும். பின்னுங்க இன்னும் ஒருவாட்டி மடங்குனா ஒடிஞ்சிரும்” என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். “குடு, நான் எடுத்துக்கினு போறேன்.”

“ஒன் கையிலயா?” என்றாள். “இத இனிமே ஒன் கையில குடுப்பேனா நானு? நகரு. நானே போறேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தலை வாரத் தொடங்கினாள். அவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கார் பிடிக்கட்டுமா என்று அவர் சைகையில் கேட்டார். தெரியாது என்று நான் சைகை செய்தேன். உள்ளேயிருந்து, “காருக்கு ஆயிரத்தி ஐந்நூறு கேப்பான், அதுக்கு ஒரு நல்ல ஃபேன் வாங்கலாம், பஸ்லயே போவலாம்” என்று குரல் வந்தது.

பேருந்தில் அவள் உட்பக்கம், நான் சன்னலோரம், என் மடியில் மதர்போர்டுப் பெட்டி. அவளுக்குச் சாலை தெரியாமல் நான் மறைத்துக்கொண்டேன். பிராசஸர் பெட்டியை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே, சமமாக, தொடாமல் தொட்டுப் பிடித்திருந்தாள். ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் முன்கம்பியைப் பிடிக்க நான் மட்டும்தான் கை நீட்டினேன். அவளுக்குக் கை ஒழியவில்லை. கூட்டேரிப்பட்டு மேம்பாலம் ஏறி இறங்கியதும் அவள் முழங்கால் ஆடத் தொடங்கியது. உதடு வெளுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கை மட்டும் ஆடவில்லை. நான் அவள் முழங்காலின் மேல் கையை வைத்தேன். “பெட்டிய ஆட்டாதம்மா” என்றாள் கண்ணைத் திறக்காமல். சுங்கச்சாவடி வந்ததும், “தாண்டிடுச்சா?” என்று கேட்டாள். தாண்டிவிட்டது என்றேன்.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து எங்களுக்காகக் காத்திருந்தார். “வாங்க மேடம், ஆரத்தி எடுக்கட்டுமா?” என்றார். மேசை விளக்கைப் போட்டு, லென்ஸை இழுத்து, பிராசஸரை ஒரு ஸ்பாஞ்சின் மேல் மல்லாத்தி வைத்தார். அழுத்தினால் முனை நீளும் மைக்ரோடிப் பென்சிலிலிருந்து கரிக்குச்சியை எடுத்துவிட்டு, வெறும் குழல் நுனியை ஒரு ஊசியின் மேல் மாட்டி மெல்ல நிமிர்த்தினார். ஒன்று நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதில் நிறுத்திவிட்டு விரல்களை உதறிக்கொண்டார்.

“டீ குடிக்கலன்னா எனக்கு கை ஆடும். நீ பண்றியாம்மா? ஒன் பொருளு, ஒன் கை.”

மகள் பென்சிலை வாங்கிக்கொண்டாள். லென்ஸுக்கு மேல் குனிந்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். மூச்சு விடும் சத்தம் அவளுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு ஊசியாக, “நாலு... அஞ்சு...” என்று கடைக்காரர் எண்ணினார். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டையும் பிரிக்கத்தான் அதிக நேரம் ஆயிற்று. ஒரு பிளேடை நடுவில் விட்டு, மயிரிழை மயிரிழையாக விலக்கினாள். மூக்கு நுனியில் வியர்வை சேர்ந்தது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

“போதும், வெச்சிப் பாரு.”

மதர்போர்டில் அதற்கான இடத்தின் மேல் வைத்தாள். அது இறங்கவில்லை. எடுத்து, பார்த்து, ஒரு ஊசியை இன்னும் கொஞ்சம் தட்டி, மறுபடி வைத்தாள். தானாக இறங்கி உட்கார்ந்தது. கொக்கியைப் பூட்டினாள். கடைக்காரர் தகட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, சூடு கடத்தும் பசையை அதே இடத்தில் ஒரு துளி வைத்தார். “இதான் மேடம் இதுக்கு வெக்க வேண்டிய பொட்டு” என்றார். கடையிலிருந்த விசிறி, ரேம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாவற்றையும் மாட்டினார். ஸ்குரூ டிரைவரை அவளிடமே கொடுத்து, எந்த இரண்டு முனைகளைச் சேர்த்துத் தொட வேண்டும் என்று காட்டினார்.

தொட்டாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று... திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்தன. பிராசஸரின் பெயர், ரேம் பதினாறு.

“வந்துச்சி!” என்று கத்தியது நான்தான். கத்தியதில் டீ கொண்டுவந்தவர் டம்ளரோடு ஒரு எட்டு பின்னால் போனார். மகள் என்னைக் கட்டிக்கொண்டு குதிக்கப் பார்த்து, காலின் நினைவு வந்து, ஒற்றைக் காலில் குதித்தாள்.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் இருவரும் வடை சாப்பிட்டோம். அவள் வாய் ஓயாமல் பேசினாள். பேருந்தில் ஏறியதும் நான் சன்னலோரம் நகர்ந்தேன். “நீ இந்தாண்ட வா, நான் சன்னலாண்ட உக்கார்றேன், வேர்க்குது” என்றாள்.

“ரோடு தெரியுமேடி.”

“தெரியட்டும்.”

மாறி உட்கார்ந்தோம். முண்டியம்பாக்கம் போனது, விக்கிரவாண்டி போனது, சுங்கச்சாவடி போனது.  இரவுக்குள் எல்லாவற்றையும் எந்த வரிசையில் பூட்டுவது என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தவள், பேச்சை நிறுத்திவிட்டு, சன்னல் கம்பியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்தாள். எதிர்த்திசைச் சாலையில், ஒரு புளியமரத்தை அடுத்த மண் ஓரம்.

“அங்கதானம்மா?”

“ஆமா.”

பேருந்து வேகமாகப் போனதால் மூன்று, நான்கு நொடிதான் இருக்கும். அவள் கழுத்தைத் திருப்பி, அது மறையும்வரை பார்த்தாள். நானும் முதல்முறையாகப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாக்கெழம லேப் இருக்கு” என்றாள். “ரெக்கார்டு நோட்டு முடிக்கல. போனா கேப்பாங்க.”

 போகாதே என்று ஒரு சொல் வாய்வரை வந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். “எந்த பஸ்ல போவ?” என்று மட்டும் கேட்டேன்.

“ஏழே முக்கா பஸ்சுதான். நீ அதுக்குள்ள சோறு கட்டிருவியா?”

கட்டிவிடுவேன் என்றேன்.